பதினாலில் இருக்கிற ஒண்ணு

"இந்தக் கணக்குலதான்ட்டி எனக்குப் படிப்பே நின்னுச்சு."

வண்ணார்பேட்டையில் பஸ் ஏறியதிலிருந்து, எனக்கு முன்சீட்டில் ஒரு நாலாம் வகுப்புச் சிறுமி பெருக்கல் கணக்கு வரவில்லை, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தாள். அம்மா இப்படிச் சொன்னதும் அழுகை நின்றது.

"நெசமாவாம்மா?"

"ஆமா. எனக்குச் சொல்லித் தா, பாப்போம்."

சிறுமி தூசி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் 23 எழுதி, அதன் கீழே 14 எழுதினாள். சொல்லச் சொல்ல ஒவ்வொரு விடையையும் அதற்குக் கீழே எழுதிக்கொண்டே வந்தாள்.

"மொதல்ல நாலால பெருக்கணும். தொண்ணூத்திரெண்டு. பொறவு ஒண்ணால பெருக்கணும். இருபத்திமூணு. கூட்டுனா நூத்திப்பதினஞ்சு. டீச்சர் தப்புங்காங்க."

"பதினாலுல இருக்க அந்த ஒண்ணு, வெறும் ஒண்ணுதான?"

"இல்லம்மா, அது பத்து..."

சிறுமி கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டாவதாக எழுதிய இருபத்திமூன்றுக்குப் பக்கத்தில் ஒரு சைபர் போட்டாள்.

"பத்தால பெருக்குனா இருநூத்தி முப்பதுல்லா! அப்போ மொத்தம் முந்நூத்தி இருபத்திரெண்டும்மா!"

"அதுக்குத்தான் அந்தச் சைபரா!" என்றாள் அம்மா. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தன வருசம் கழிச்சு இப்பந்தான்ட்டி எனக்கு வெளங்குது."

பள்ளிக்கூட நிறுத்தம் வந்தது. சிறுமியே பையைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்கினாள்.

"சாயங்காலம் ஒனக்கு ஒரு கணக்கு தருவேம்மா. நீயே போடணும், என்னா?"