ஓஹையோச் சாடியில் தேசிக்காய் ஊறுகாய்

கடைசியாக இவர் கேட்டது தயிர்ச்சோறும் தேசிக்காய் ஊறுகாயும். கொடுத்தேன். விரலை நக்கிவிட்டு, "இண்டைக்கு நல்லா ஊறியிருக்கு, ராணி" என்றார். பின்னேரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

இவருடைய இரத்தத்தில் ஈயம் என்று சொல்லி, அதிகாரிகளான நீங்கள் எங்கள் கட்டடத்துக் குழாய்த் தண்ணீரைப் பரிசோதிக்க எடுத்துப் போனீர்கள். தேவையில்லாத வேலை. மேல்மாடிக் கத்தரீனா அன்றிலிருந்து கடைத் தண்ணீரைச் சுமந்து படியேறுகிறாள். முழங்கால் வருத்தக்காரி, பாவம். அதனால்தான் எழுதுகிறேன். தண்ணீரில் ஒன்றும் இல்லை.

முதலில் என் சாடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இந்த நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்ப் பிழைத்துத் திரும்பியவர்கள் பெட்டியில் கொண்டுவந்த பூச்சாடிகள், பீங்கான்கள். இங்கே டேனிஷ்காரருக்கு நீலப் பூப்போட்ட வெள்ளைப் பீங்கான்தான் பீங்கான். அமெரிக்கச் சாமான், எங்கள் வைலே நகரத்துச் சனிக்கிழமைச் சந்தையில் மேசைக்குக் கீழே கிடக்கும். குனிந்து ஒன்றைக் கவிழ்த்து, அடியில் ஓஹையோ என்று அமெரிக்க மாநிலப் பெயர் பொறித்திருக்கக் கண்டால் என் கால் நிலத்தில் பாவாது. முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி நொந்த இடுப்பு, அந்த நேரம் குமரியின் இடுப்பு. பஸ்ஸில் சாடியை மடியில் வைத்துக்கொண்டு தனியே சிரித்தபடி வருவேன். இலை புடைத்த பச்சைச் சாடி, காட்டு ரோசா தீட்டிய மண்நிறச் சாடி, மூடி போட்ட செம்மஞ்சள் சாடி. துடைக்கத் தொடங்கினால் பாட்டு வரும்.

இவர், சிவபாலன், கெட்ட மனிதர் இல்லை. இறைச்சித் தொழிற்சாலையில் முதுகை முறித்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். ஓய்வு பெற்றதும், தூரத்துப் புரொண்பியில் மகன் ரஜிதனுக்குக் கிட்ட ஒரு சிறிய வீடு பார்த்தார். அங்கே என் அலுமாரிகளுக்கு இடமில்லை. சாடிகள் முழுவதையும் பழஞ்சாமான் கடைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றார்.

"பூ வைக்கவும் விடமாட்டீர். ஊறுகாய் போடவாவது உதவுமே உம்மட சாடி?"

கேட்டார், போட்டேன். எலுமிச்சை இனத்துத் தேசிக்காயை நறுக்கி உப்பிட்டு, செம்மஞ்சள் சாடியில் அடைத்துச் சன்னல் வெயிலில் வைத்தேன். இவருக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. எனக்குப் பிரஷர், ஊறுகாய் தொடமாட்டேன்.

பிறகு வயிற்றுக் குத்து வந்தது. உறைப்பைக் குறைக்கச் சொன்னார் டொக்டர். டொக்டர் சொன்னபடியே செய்தேன், கறிகள் வெளிறிப்போயின. வெளிறிய கறியை ஊறுகாய் இல்லாமல் எப்படி உண்பது? இவர் இன்னும் கூடப் போட்டுக்கொண்டார். மணிக்கட்டு சோர்ந்தபோது நான் ஊட்டிவிட்டேன். கல்யாணம் கட்டிய புதிதில்கூட நாங்கள் அப்படிச் சிரித்ததில்லை. சாடியைத் தடவிப் பார்ப்பார். என் சாடி ஒன்றை இவர் தடவியதை அப்போதுதான் கண்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பழைய சாடி சேர்ப்பவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது ஒன்றுண்டு. அந்தக் காலத்து மெருகில் ஈயம் இருக்கும். பார்க்கலாம், தொடலாம், புளிப்பு எதையும் உள்ளே வைக்கக் கூடாது. எனக்கு அது தெரியும். இவர் என்னிடம் கேட்கவில்லை.

ஒருநாள் சொன்னார்: "ராணி, மற்றதுகளைக் குடும். இதை மட்டும் குடுத்துப்போடாதையும். இது எங்கட வீட்டுச் சாடி."

சந்தோசத்தில் அழுதுவிட்டேன். அழுதபடியே கடைக்குப் போய்த் தேசிக்காய் வாங்கிவந்து சாடியை நிரப்பினேன். மற்றவற்றைக் கொடுக்கத்தானே சொன்னார்.

ஓம், தெரிந்துதான் கொடுத்தேன். ஆனால் இவர் கேட்காமல் ஒரு துண்டும் வைத்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இப்போது நானும் சாடிகளும் இந்த வீட்டிலேயே இருக்கிறோம். சோறு போடும்போது இன்னும் கை இரண்டு சாப்பாட்டுக் கோப்பையை எடுக்கிறது.

சாடியை எடுக்க வரும்போது இரண்டு கையாலும் பிடியுங்கள். மூடியைத் தனியாகச் சுற்றுங்கள். உட்புறம் புளிப்பில் மங்கிவிட்டது. வெளிப்புறத்துச் செம்மஞ்சள், நான் வாங்கிய அன்று இருந்தது போலவே இருக்கிறது.