மில்லிங் மேஜையில் மாப்பிள்ளை

"கேசரிக்கு நெய் ஜாஸ்தி ஆயிடுச்சாண்ணா?" என்று கேட்டாள் கமலவேணி.

"இருக்கட்டும். ஒடுகத்தூர்லேர்ந்து பஸ்ல இடிபட்டு வர்றாங்க இல்ல," என்றேன்.

"நீ எங்கியும் போய்டாத. ஒன்பதரைக்குத் தட்டு மாத்தணும். பத்தரைக்கு ராகு காலம் வந்துடும்."

"நான் எங்க போறேன்."

நிச்சயதார்த்தத்தன்று காலை எனக்கும் என் தங்கைக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான் இன்ஸ்பெக்டர் சார். கேசரி நன்றாகவே வந்திருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பரந்தாமன். ஆம்பூருக்கு வெளியே, ஷூவின் அடிப்பாகத்துக்கு அலுமினிய அச்சு செய்யும் பட்டறையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். போன வருடம், எண்பத்தேழில், முதலாளி நசீர் அகமது ஒரு சி.என்.சி. மில்லிங் மெஷின் வாங்கினார். கம்ப்யூட்டர் சொன்னபடி அதுவே வெட்டும். வருகிறவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டரைத்தான் பார்ப்பார்கள். வெட்டும்போது பொருளை அசையாமல் பிடித்து வைத்தது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. அது நான்.

நேரான பொருளை வைஸ் என்கிற இரும்பு இடுக்கியில் வைத்து இறுக்கிவிடலாம். ஷூ அச்சுக்கு நேரான பக்கமே கிடையாது. ஆனால் எவ்வளவு கோணலான பொருளும் ஆறு விதமாகத்தான் அசைய முடியும். நகர்வது மூன்று, திரும்புவது மூன்று. கீழே மூன்று இடத்தில் தாங்கல், பக்கவாட்டில் இரண்டு முட்டு, தலைமாட்டில் ஒன்று. அதன் பிறகு மேலிருந்து கிளாம்ப் போட்டு இறுக்கினால் அது எங்கும் போகாது. கிளாம்ப் படும் இடத்தில் தோல் வைப்பேன். ஆம்பூரில் தோலுக்கா பஞ்சம். நான் பிடித்த ஒரு பொருளிலும் இதுவரை தழும்பு விழுந்ததில்லை.

மெல்லிய பாகங்களில் மட்டும் ஒரு தொல்லை உண்டு. பிடியில் இருக்கும்வரை அளவு சரியாக இருக்கும். கிளாம்பைக் கழற்றியதும் வளைந்துவிடும். கம்மியாக இறுக்கு என்பார் முதலாளி. கழற்றவே கூடாது என்பது என் அபிப்பிராயம்.

கமலவேணிக்குப் பதினெட்டு வயதானபோது அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். இப்போது அவளுக்கு இருபத்தொன்பது. நான் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. குடியாத்தத்திலிருந்து ஒரு தறிக்காரக் குடும்பம் பெண் கேட்டு வந்தது. பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று பெயர் போடாமல் அவர்களுக்கு எழுதினேன். தறிச் சத்தத்தில் அவளுக்குத் தூக்கம் வராது சார். மெட்ராஸ் டெலிபோன் ஆபீஸில் வேலைக்கு ஆர்டர் வந்தது. அந்தக் கவரை அடுப்பில் வைத்தேன். மெட்ராஸில் தண்ணீர்க் கஷ்டம். வேலூர் மாப்பிள்ளை ஒருவர் தானாகவே பயந்துகொண்டார். அதில் என் பங்கு கொஞ்சம்தான். ஒவ்வொரு முறையும் அவள் இரண்டு நாள் பேசமாட்டாள். மூன்றாம் நாள் எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். இப்படியே அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது.

தணிகைவேல் விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஒடுகத்தூர் தபால் ஆபீசில் வேலை. கமலவேணியோடு ஷூ கம்பெனியில் டைப் அடிக்கும் அக்தர் பானு எல்லாவற்றையும் பேசி முடித்து, தேதியோடு வீட்டுக்கு வந்தாள். நானும் விசாரித்தேன். அவரிடம் ஒரு குறையும் அகப்படவில்லை. எனக்கு வேறு வழி வைக்கவில்லை அவர்.

நிச்சயதார்த்தம் வெள்ளிக்கிழமை. அன்று எங்கள் பட்டறைக்கு விடுமுறை, சாவி என்னிடம் இருந்தது. ஏழரைக்கு, தன் வீட்டாருக்கு முன்னால் வந்து இறங்கிய அவரை நானே பஸ் ஸ்டாண்டில் எதிர்கொண்டேன்.

"பத்து நிமிஷம் மாப்ள. எங்க மெஷினப் பாத்துட்டுப் போய்டலாம்."

"மச்சான் சொன்னா சரி," என்றார். பெண்ணின் அண்ணன் மனம் கோணாமல் நடந்துகொள் என்று அவர் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்களாம்.

எப்படிப் பிடிப்போம் என்று காட்டுகிறேன், மெஷின் மேஜையில் கொஞ்சம் படுங்கள் என்றேன். பட்டு வேட்டியோடு படுத்தார். "சட்ட அழுக்காவுமா மச்சான்?" என்று மட்டும் கேட்டார். துணி விரித்திருந்தேன். மேஜை நீளம் போதாமல் கால் வெளியே நீண்டது. அதற்கு ஒரு ஸ்டூல் போட்டேன். தாங்கலும் முட்டும் கொடுத்து, மேலே நான்கு கிளாம்ப் போட்டு இறுக்கியபோது, "இன்னா மச்சான், நெசமாவே அசைய முடியல," என்றார் பாராட்டாக.

ஒன்பதரைக்கு, "நேரமாயிடுச்சே மச்சான்," என்றார். பத்தரைக்கு, "உங்களுக்கு வேல இருந்தா பாருங்க, நான் இருக்கேன்," என்றார். மரியாதை தெரிந்தவர். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்து, தூக்குவாளியிலிருந்து கேசரி ஊட்டினேன். கேசரியை ஏன் முன்கூட்டியே எடுத்துப் போனாய் என்கிறீர்கள். மனிதருக்குப் பசிக்கும் அல்லவா.

மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் கலங்கினார். எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்று அவருக்கே தெரியட்டும் என்று மெஷினை ஒரு தடவை ஓட்டிக் காட்டினேன். மூக்குக்கு நான்கு அங்குலம் மேலே, வெறும் காற்றில்தான். வெட்டுகிற கட்டரைக் கழற்றியிருந்தேன் என்றுதான் ஞாபகம். அவர் ஒரு நூல் அசையவில்லை. டாக்டர் எழுதியதைப் பாருங்கள், உடம்பில் ஒரு கீறல் கிடையாது. மூன்று நாளாகப் பேச்சு வரவில்லை என்கிறார்கள். அது தோல் வைக்கக்கூடிய இடம் இல்லை சார்.

நான்கு மணிக்குக் கமலவேணி என்னைத் தேடிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். மேஜையைப் பார்த்தாள், ஸ்பானரை எடுத்தாள். எதை முதலில் தளர்த்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பதினொரு வருடம் சாப்பிடும்போதெல்லாம் நான் பேசியது அதைத்தானே. அவரை எழுப்பி உட்காரவைத்து, முகத்தைத் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"குடியாத்தத்துக்காரங்க திரும்பிப் போனப்பவே கேட்டிருக்கணும். அடுப்புல கவர் எரிஞ்சப்பவாவது கேட்டிருக்கணும். நீயே ஒருநாள் நிறுத்திடுவேன்னு இருந்துட்டேன்."

"இன்னா வேணும், கேளும்மா," என்றேன். அவள் கேட்டு நான் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. அவள்மேல் என் விரல்கூடப் பட்டதில்லை சார். கட்டிப்போட்டிருந்தது அவரைத்தான். ஆனாலும் அவள் என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"என்ன விட்டுடுண்ணா."