சாப்பாட்டு நேரத்துச் சாவி

சிரிக்கத் தெரியாதவனுக்குக் காவல் நிலையம் சரிப்படாது, ஐயா. நான் இன்ஸ்பெக்டராகப் பொறுப்பேற்றபோது அங்கே ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். ரைட்டரும் ஏட்டும் எலியும் பூனையும். நான்தான் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மதியம் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும், யாரும் நடுவில் எழக் கூடாது என்று பழக்கினேன். லாக்கப் சாவி என் சட்டைப் பையில் இருக்கும். கொஞ்ச நாளில் ஒருவர் டப்பாவில் இன்னொருவர் உரிமையோடு கைவைக்கும் அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள். மேலதிகாரியே வந்து பார்த்து, "குடும்பம் மாதிரி வெச்சிருக்கீங்க" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அன்றைக்கும் கலகலப்புதான். பக்கத்துக் கடைக்காரரோடு சண்டை போட்ட தையற்காரர் ஒருவர் லாக்கப்பில் இருந்தார். வழக்கப்படி அவருடைய பெல்ட், கைப்பேசி, இளைப்புக்கு வைத்திருந்த இன்ஹேலர் எல்லாம் என் மேசை இழுப்பறையில் பூட்டியிருந்தன; அதன் சாவியும் லாக்கப் சாவியோடு என் பையில்தான். என் மாமனார் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டே அது காணாமல் போனதாகப் புகார் கொடுக்க வந்த கதையை நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஐயா, மூச்சு முட்டுது... அந்த மருந்த மட்டும் குடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

புதிதாகச் சேர்ந்த பெண் காவலர் எச்சில் கையோடு எழுந்தாள். "சாவி குடுங்கய்யா. அவருக்கு முடியல."

"உக்காரும்மா. கதை முடியட்டும்."

"செத்துருவாருங்கய்யா."

நீங்களும் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர், உங்களுக்குப் புரியும். பத்துப் பேர் பார்க்க, நேற்று வந்த பெண்ணுக்கு இறங்கிப் போனால் நாளைக்கு என் பேச்சை யார் மதிப்பார்கள்? என் மகளுக்கும் இளைப்பு உண்டு. அந்த விசில் சத்தம் எப்போது ஆபத்து என்று எனக்கு நன்றாகவே தெரியும். கதையைக் கொஞ்சம் நீட்டித்தான் சொன்னேன். அவளைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே சத்தம் அடங்கிய பிறகு கை கழுவிவிட்டுப் போய்த் திறந்தேன்.

அந்தப் பெண்மேல் ஒரு தவறும் இல்லை. கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

மற்ற எல்லாரும் எனக்கெதிராக வாக்குமூலம் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். ரைட்டர் சொன்னதையே ஏட்டும் வார்த்தை பிசகாமல் சொன்னாராமே? எலியும் பூனையுமாக இருந்தவர்கள், ஐயா. எவ்வளவு ஒற்றுமையாக வளர்த்திருக்கிறேன், பாருங்கள்.