பத்து நாள் விடுமுறை

உங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் நேற்று பத்து மணி நேரம் தூங்கினேன், சார். நடுவில் எழுப்பி ரிப்போர்ட் கேட்க ஆளில்லாத தூக்கம் எவ்வளவு ருசி என்பதே மறந்துபோயிருந்தது.

துறைமுகத்தில் புதுச் சரக்குத்தளம் கட்டும் திட்டத்தில் வேலை அட்டவணை போடுவது என் பொறுப்பு. பதினான்கு மாதமாக எங்கள் ஆபீஸுக்கு ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. பாண்டித்துரை ஒருநாள் தன் வீட்டுக் கதவில் அடையாள அட்டையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். விக்டோரியா பூசையில் ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் "நோட்டட் சார்" என்றாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். இசக்கிசெல்விக்குத்தான் நெருக்கடி. கல்யாணத் தேதி குறித்தாயிற்று, மேலாளரோ மூன்று தடவை லீவு மறுத்துவிட்டார்.

"தாலி கட்டுத நேரத்துலயும் நான் மீட்டிங்லதான் இருப்பேன் போல, அண்ணே" என்றாள். சொன்ன கையோடு மேசையில் தலை சாய்ந்தவளை எழுப்ப முடியவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்தோம்.

எங்கள் கம்பெனி அட்டவணையில் விடுமுறைக்கு இடம் கிடையாது. விபத்து விசாரணைக்கு உண்டு. சேதம் மட்டும் என்றால் மூன்று நாள் வேலை நிற்கும். உயிர் போனால் பத்து நாள். மேலாளர் கையெழுத்தே வேண்டாம்.

மார்ச்சில் ஒரு காலி கன்டெய்னர் சரிந்ததே, அதுவும் நான்தான். யாருக்கும் கீறல்கூட இல்லை. அந்த மூன்று நாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், சார். கடற்கரையில் பாண்டித்துரை மணலில் உருண்டான். விக்டோரியா அலையைத் துரத்திக்கொண்டு ஓடினாள். எனக்குச் சந்தோஷத்தில் தலை கிறுகிறுத்தது. ஆனால் ஒரு கல்யாணத்துக்கு மூன்று நாள் எப்படிக் காணும்?

தேதிக்கு நான்கு நாள் முன்பு, இழை விட்டுப்போனதென்று கழித்துப்போட்ட, கிரேனில் சுமை கட்டித் தூக்கும் பெல்ட்டை நல்லதோடு சேர்த்து வைத்தேன். கம்பிக் கட்டு இறங்கும் நேரத்தை அட்டவணையில் போட்டவனும் நானே. கீழே நிற்க மேஸ்திரி சொரிமுத்து அண்ணாச்சியை அனுப்பினேன். சாயர்புரத்துக்காரர், யார் வேலைக்கு வராவிட்டாலும் அந்த இடத்தில் வந்து நிற்பவர்.

"ஏலே பெருமாளு, இங்கன நின்னா போதுமா?" என்று கேட்டார்.

"போதும் அண்ணாச்சி."

கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. பந்தி முடியும்வரை ஒருவர் போனும் அடிக்கவில்லை. இசக்கிசெல்வி பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் ஆடிய ஆட்டத்தை யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள், பாருங்கள், கெட்டவன் ஆடுகிற ஆட்டமா அது?

ஏன் அவரைப் போய் என்று கேட்கிறீர்கள். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. எல்லோர் பெயரையும் எடுத்து வைத்து நிதானமாகத்தான் பார்த்தேன். அவருக்குத்தான் எடுக்காத லீவு அறுபத்து நான்கு நாள் இருந்தது. எங்கள் எல்லோரையும்விட ஓய்வு தேவைப்பட்டவர் அவர்தான், சார்.