நடைக்கு ஒரு நீளப் பாய்

மண்முனைத் துறையில் நான் ஏறிய தோணியில் எனக்கு முன்னால் இரண்டு பெண்களும் அவர்களுக்குப் பின்னால் ஒரு கிழவியும் இருந்தார்கள். ஒருத்தியின் மடியில் சுருட்டிய பன்புல் பாய். அகலம் இரண்டு முழம்தான். சுருள் உரலைப்போலத் தடித்திருந்தது.

"இந்த ஒடுக்கப் பாயில ஆர்கா படுக்கிற?"

"படுக்க இல்லகா, நடையில விரிக்க. வாசலிலயிருந்து குசினி மட்டும் புதுச் சீமெந்து, வழுக்குது. போன கிழமை ஊர் விதானையார் விழுந்து எழும்பினார். நாளைக்கு மகளைப் பார்க்க மாப்பிள்ளை ஆக்கள் வாறாங்க."

"நீளம் சரியா வருமா?"

"இது ரெண்டாவது பாய். முதல் பாய்க்கு எங்கட மனிசனைப் படுக்கவைச்சு, நடை எத்தனை ஆள் நீளமெண்டு எண்ணினன். பாதியில அவருக்கு நித்திரை வந்து சுருண்டிட்டார். மூண்டு ஆள் நீளம் அஞ்சாப் போச்சு. அஞ்சு ஆள் நீளத்தில இழைச்ச பாய் அடுப்படி மட்டும் போய் நுனியில நெருப்புப் பிடிச்சிட்டு."

"மறுகா?"

"இந்தத் தரம் மாமியைப் படுக்கவைச்சு அளந்தன். அவ ஆருக்கும் வளைஞ்சு குடுக்க மாட்டா."

அவளுக்குப் பின்னால், அதுவரை வாவியையே பார்த்துக்கொண்டிருந்த கிழவி திரும்பினாள்.

"ஒருக்கா வளைஞ்சனான்கா. உன்னை என்ட மகனுக்குக் கட்டிவைக்கக்குள்ள."