சாஹித்யாவின் மணிக்கட்டுப் பட்டை

டாக்டர், ஏசி அறையில் நைலான் விரிப்பு போட்டிருக்கிறீர்கள். மேஜைமேல் இருக்கிற கம்ப்யூட்டருக்கு அது நல்லதில்லை. மன்னிக்கவும், தொழில் புத்தி.

நான் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் இருந்தவன். நம் உடம்பில் சேருகிற நிலைமின்சாரம் எலெக்ட்ரானிக் போர்டுகளைக் கெடுக்காமல் பார்ப்பது என் வேலை. போர்டைத் தொடுகிறவர்கள் மணிக்கட்டில் பட்டை கட்டி, அதன் ஒயரை எர்த்தில் மாட்ட வேண்டும். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். 'சங்கிலி சிவஞானம்' என்று பேர் வைத்தார்கள். நிலைமின்சாரத்தில் அடிபட்ட போர்டு அன்றைக்கு ஒழுங்காக ஓடும், இன்னொரு நாள் படுத்துவிடும். அதனால் யாரும் நம்புவதில்லை.

வெளியே உட்காராமல் நிற்கிறாளே, என் மகள் சாஹித்யா, அவள்தான் காலேஜ் ரோபோ அணிக்குத் தலைவி. செகந்திராபாத்தில் எங்கள் வீட்டு ஹாலில்தான் ரோபோவைக் கட்டினார்கள். பட்டையை நீட்டும்போதெல்லாம், "நக்கோ அப்பா, குச் நை ஹோதா," என்பாள். வேண்டாமாம், ஒன்றும் ஆகாதாம். கூட இருந்த கோபியும் கிரியும் சேர்ந்து சிரிப்பார்கள். ஆபீஸில் சிரித்ததைப் பொறுத்துக்கொண்டேன். சொந்த வீட்டிலும் சிரித்தபோது வலித்தது.

மாதாப்பூரில் போட்டி. முந்தைய நாள் மூவரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஜனவரி மாதம், காற்றில் ஈரமே இல்லை; உடம்பில் நிலைமின்சாரம் நன்றாகச் சேரும். ஸ்வெட்டரைத் தலைவழியே கழற்றிவிட்டு, அப்படியே போய் போர்டில் விரலை வைத்தேன். சுருக்கென்றது. விரலுக்குத் தெரியாத அளவே போர்டுக்குப் போதும். இதுவோ என் விரலுக்கே தெரிந்தது.

சாயங்காலம் ரோபோ நன்றாக ஓடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

மறுநாள் அரையிறுதியில் களத்தின் நடுவே நின்றுபோயிற்று. காரணம் கேட்டு போர்டை என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, நிலைமின்சாரம் என்றேன். பட்டை கட்டாமல் கடைசியாகத் தொட்டது யார் என்றும் கேட்டேன். மற்ற இருவரும் சாஹித்யாவைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, தான்தான் என்றாள். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

கொஞ்ச நாளில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அவள் கேட்காமலே பட்டை கட்ட ஆரம்பித்தாள். நல்ல பழக்கத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். பிறகு சாப்பிடும்போதும் கட்டினாள். இப்போது ஒயரை ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டுதான் படுக்கிறாள். கதவை முழங்கையால் தள்ளித் திறக்கிறாள். போன வாரம் என் மனைவி பாமாவுக்கு நல்ல ஜுரம். நெற்றியில் கை வைத்துப் பாரடி என்று கூப்பிட்டாள். இவள் அறை வாசலிலேயே நின்று அழுதாள்.

"நான் தொட்டா உனக்கு ஏதாவது ஆயிடும்மா. உடனே தெரியாது. அப்புறம் ஆகும்."

அது நான் வருஷக்கணக்காகச் சொன்ன பாடம். அன்றிலிருந்து என் விரல் நுனியில் அந்தச் சுருக் இருந்துகொண்டே இருக்கிறது, சோறு பிசையும்போதுகூட.

நான்தான் செய்தேன், டாக்டர். பட்டால்தான் தெரியும் என்று நினைத்துச் செய்தேன். அவள் பயத்தை மட்டும் எப்படியாவது எடுத்துவிடுங்கள். என்னைப் பற்றி மட்டும் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, மறுபடியும் சிரிக்க ஆரம்பித்துவிடுவாள்.