லம்துவனோடு அனுப்பிய செடி

ஹலோ... ஹலோ... யாரு? முதல்ல பேரச் சொல்லு. இப்பல்லாம் எவனும் பேரு சொல்றதில்ல. மணி அடிக்க வேண்டியது, எடுத்தா எடுத்த எடுப்புல நலம் விசாரிக்க வேண்டியது. நான் எப்படி இருந்தா உனக்கென்ன? சோத்துக் கூடையைத் தொறந்து முதல் உருண்டை கையில இருக்கு...

...ஓ. சொம்போட்டா.

வாங்க மாப்பிள்ளை, சொல்லுங்க. உங்க பொண்டாட்டி, எம்மவ லம்துவன், போயி நூறாம் நாளு, ஒன்பது பிக்குகளுக்குச் சோறு போட்டோம். ஊரே வந்துச்சு. உங்களைத்தான் காணோம்... ம்... ம், கோன் கேன் டவுன்ல பைக் கடைக்கு லீவு கிடையாது. சரி... சரி சரி. அழாத. நான் ஒண்ணும் சொல்லல.

என்னது? இலை மஞ்சளாவுதா? எந்த இலை? ...கஞ்சாவா! அது சரி. பொண்டாட்டியோட நூறாம் நாளைக்கு வராதவன், இலை மஞ்சளாச்சுன்னு போன் போடுறான். தொட்டியில வச்சியாக்கும், மாடி ரூம்ல.

அடியிலையா, நுனியிலையா? ...அடியில. அப்ப ஒண்ணுமில்ல. பூக் கட்டுற நேரம், கீழ் இலையைத் தின்னுட்டுத்தான் மேல பூக்கும். தண்ணி எத்தனை தடவை ஊத்துற? ...தினம் ரெண்டு தடவையா! ஏன், அதுல மீன் வளக்கிறியா? நிறுத்து. விரலை மண்ணுல ரெண்டு கணு விடு, ஈரம் ஒட்டுச்சுன்னா ஊத்தாத... பாட்டில் மருந்தெல்லாம் வேணாம், காசு புடுங்குறானுக. வௌவால் எரு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். தெருவிளக்கு மேல படுதா? ...அதான். இருட்டிட்டா கருப்புத் துணியால மூடு. வெளிச்சம் பட்டா பூவை விட்டுட்டு மறுபடி இலை விடும்.

என்ன ரகம்? நம்ம நாட்டு அணில்வாலா, வெளிநாட்டுக் குட்டையா? ...சத்தமாச் சொல்லு.

...ரெண்டும் கலந்ததா. எவன் கலந்தது? ...நானா?

...

இல்ல. அது இருக்க முடியாது மாப்ள.

நீயும்தானே பக்கத்துல நின்ன? நான் கலந்த அந்த ஒத்தைச் செடியை என் கையால வேரோட பிடுங்குனேன். மண்ணை உதறி, சவப்பெட்டிக்குள்ள அவ காலடியில வச்சேன். ஊருல சட்டை வைப்பாங்க, செருப்பு வைப்பாங்க. பெரிய பிக்கு என்ன இதுன்னு பாத்தாரு. இது இல்லாம அவளுக்குச் சோறு இறங்காது சாமி, கூடவே போகட்டும்னேன். அவரும் மந்திரத்தை ஆரம்பிச்சுட்டாரு...

...எப்ப? ...மூடி வைக்கிறதுக்கு முன்னாடியா? ...ரெண்டு கிளைய ஒடிச்சியா. ஈரத் துணியில சுத்தி, சட்டைக்குள்ள. எல்லாரும் கை கூப்பி மந்திரம் கேக்குறோம், இவன் சட்டைக்குள்ள...

திருட்டுப் பய நீ. செத்தவ காலடியில இருந்து...

கத்தல. நான் எங்க கத்துனேன்.

இரு. கசக்கிப் பாரு. என்ன வாசம்? எலுமிச்சைன்னு சொல்லு பாப்போம், எல்லாப் பயலும் அதத்தான் சொல்றான்... மாங்காத் தோலா. ...ம். இழுத்தா? ...அணைச்ச அடுப்புல மழை விழுந்த மாதிரி. அது உன் வார்த்தை இல்ல, அவ வார்த்தை. அவ சொன்னத நீ ஒப்பிக்கிற. காம்பு என்ன கலரு? ...ஊதா. ஏழு விரல் இலையில கடைசி விரல் மடங்கியிருக்கா? எந்தப் பக்கம்? ...நல்லாப் பாத்துச் சொல்லு. ...இடது.

...

அந்தச் செடிக்கும் இடதுதான்.

சீக்குல சோறு இறங்காமக் கிடந்தப்ப முதல்ல அணில்வால் குடுத்தோம், ஞாபகம் இருக்கா. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டு, சும்மாச் சும்மா சிரிச்சா, அப்புறம் பயந்தா. சோறு இறங்கல. குட்டையைக் குடுத்தா பொணம் மாதிரி தூங்குனா. அதுக்கப்புறம்தான் கலந்தேன். முப்பது விதை போட்டு இருபத்தொம்பதைப் பிடுங்கி எறிஞ்சேன். நின்னது ஒண்ணு. அதை இழுத்து அரை மணி நேரம் ஆவல, அப்பா பசிக்குதுன்னா. ரெண்டு உருண்டை சோறு. இடிச்ச பப்பாளிக்காய்ல மொளகா பத்தலைன்னு... ஆமா, ஆமா, உன்னத்தான் திட்டுனா. உரலும் கையுமா நின்னு நீ சிரிச்ச.

...என்ன? நீ இழுத்தியா? பூ இன்னும் பழுக்கவே இல்லையேடா... கீழ்ப் பூவா. சரி. அப்புறம்? ...சாப்பிட்டியா. ...ஒரு முழுக் கூடையுமா? எத்தனை நாளைக்கப்புறம்? ...ம். அழுதுகிட்டே தின்னியாக்கும்.

தின்னு. நான் வேணாங்கல.

ஆனா ஒண்ணு சொல்லு, நீ தொழிற்பள்ளியில படிச்சவன். வெட்டி வச்ச கிளை விதையில மொளைச்ச பிள்ளை இல்ல. அதே செடி, அதே உயிரு. அது உன் ரூம்ல நிக்குதுன்னா, அங்க அவகிட்ட என்ன இருக்கு? ...இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன். பாதி இங்க நின்னுடுச்சுன்னா, மிச்சம் போச்சா, போகலையா? இத்தனை நாளா எம்மவ எதை இழுத்துட்டு சோறு தின்னா?

...பிக்கு சொன்னாரா. அவருக்கென்ன, புண்ணியம் போய்ச் சேரும்பாரு. அவரு செடி வளத்தாரா?

வேணாம். ...கொண்டு வராதங்கிறேன். இது அது இல்ல. மாங்காத் தோல் வாசம் பத்துச் செடியில வரும். விரல் எதுல வேணாலும் மடங்கும். அது போயாச்சு. நெருப்பு வச்சதும் கால்மாட்டுலதான் முதல்ல வெள்ளையாப் புகை கிளம்புச்சு, நான் பாத்தேன். முழுசாத்தான் போச்சு.

...அழாதடா. ...கேக்குது, கேக்குது. துணி போட்டு மூடு. தண்ணி ஊத்தாத.

போனை அணைக்க எனக்குத் தெரியாது. லம்துவன் இருந்தவரை அவள்தான் அணைத்துத் தருவாள். சோற்றுக் கூடையின் மூடியில் அதைக் கவிழ்த்து வைத்தேன். அடியில் அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். எழுந்து தோட்டத்துப் பக்கம் நடந்தேன். செடி பிடுங்கிய குழியை நான் இன்னும் தூர்க்கவில்லை. குனிந்து மண்ணைக் கிளறிப் பார்த்தேன். ஒரு வேர்கூட மிச்சம் இல்லை. அவன் வைத்திருப்பது வேறு ஏதோ செடி.